கோமதிக்கு, கல்வாழை விஷயமாக

ஓசூர்,
தை 12

அன்புள்ள கோமதி,

நீ செய்தித்தாளில் மடித்து அனுப்பிய செம்பருத்தி இலைகள் வந்து சேரும்போது அப்பளமாகிவிட்டன. நல்லவேளை, பேத்தியை விட்டு போட்டோவும் எடுத்து அனுப்பியிருந்தாய். அத்தானுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. இங்கே காலையில் கை விறைக்கிற குளிர். பிப்ரவரி 14 வருகிறதே, ஊர் முழுக்க ரோஜாப் பரபரப்பு. என் குட்டி நர்சரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கூலிக்கு ஆள் கிடைக்காத கஷ்டம் மட்டும் எனக்கும் உண்டு.

சரி, செம்பருத்திக்கு வருகிறேன். இலை மஞ்சளானதைப் பார்த்து வைரஸ் என்று உன் கடைக்காரர் சொன்னாரே. அது வைரஸ் இல்லை. பயப்படாதே. நுனியில் இருக்கிற இளம் இலைகள்தான் வெளுத்திருக்கின்றன. நரம்பெல்லாம் பச்சை, நடுவே மட்டும் மஞ்சள், அதுவும் இலையின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. இது இரும்புச்சத்துக் குறைவு. மொட்டை மாடித் தொட்டி, அதற்கு ஊற்றுவது உப்புப் போர்த் தண்ணீர், வேறு என்ன ஆகும்? நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்கிற இரும்பு உப்பை வாங்கி, லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் ஏறும் முன் இலையில் தெளி. வாரம் ஒரு தடவை, இரண்டு மூன்று வாரம் செய்து பார். புதுத் துளிர் பச்சையாக வந்தால் நான் சொன்னது சரி. வைரஸ் என்று சொன்ன அந்தக் கடைக்காரர் 450 ரூபாய்க்குத் தந்த ‘வைரஸ் மருந்தை’ மூடி வை. செடிக்குள் புகுந்துவிட்ட வைரஸைத் தெளித்து விரட்டும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. பூச்சியைக் கொல்லலாம், பரவாமல் தடுக்கலாம், அவ்வளவுதான்.

செம்பருத்திக்கு வரும் நிஜமான வைரஸ் எப்படி இருக்கும் தெரியுமா? இலை ஓரம் மேல் பக்கமாகக் கிண்ணம் போலச் சுருளும். நரம்பு தடித்துப் புடைக்கும். திருப்பிப் பார்த்தால், அடியில் நரம்பின் மேலேயே இன்னொரு குட்டி இலை முளைத்த மாதிரி ஒன்று நிற்கும். பருத்திக்கு வருகிற இலைச்சுருள் நோயேதான், வெள்ளை ஈ கொண்டுவருவது. மாவுப்பூச்சி அடித்தாலும் நுனி சுருண்டு கொத்தாகும். ஆனால் அங்கே வெள்ளைப் பஞ்சு கண்ணுக்குத் தெரியும், எறும்பும் வரிசையாக ஏறும். வைரஸில் மாவும் கிடையாது, பூசணமும் கிடையாது, வாடையும் கிடையாது. அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறோம்.

நான் ஏமாந்த கதையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன் போட்டோவில் செம்பருத்திக்குப் பின்னால் ஒரு நீல டிரம் தெரிகிறது. அதில் நிற்கும் கல்வாழை, உன் மகள் கல்யாணத்துக்கு வந்தபோது மஞ்சள் பையில் போட்டு நான் கொண்டுவந்து கொடுத்தது. போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

நடு நரம்பிலிருந்து ஓரம் வரை மஞ்சள் கோடு கோடாக ஓடுகிற அந்த இலையை நான் பல வருஷம் ‘வரிக் கல்வாழை’ என்று பெயர் வைத்து, சாதாரணத்தைவிட 20 ரூபாய் அதிகம் வைத்து விற்றேன். இயற்கையாகவே வரி போட்ட ரகங்களும் உண்டு. ‘பிரிட்டோரியா’ அப்படித்தான். ஆனால் அதில் எல்லா இலையிலும் ஒரே அச்சு, கோடு நரம்போடு ஒட்டி அறுபடாமல் போகும். என்னுடையதில் கோடு விட்டு விட்டு ஓடியது. ஒரு இலையில் ஒன்பது, அடுத்ததில் மூன்று. சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கோடுகளுக்கு நடுவே தவிட்டு நிறத்தில் காய்ந்த கீற்றுகள், அதைச் சுற்றி எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒரு வெளிர்ப்பு. பூவும் வருஷா வருஷம் சிறுத்துக்கொண்டே வந்தது. மண் செத்துவிட்டது என்று நினைத்து எரு போட்டுக்கொண்டிருந்தேன், மடச்சி. போன ஐப்பசியில் சோதனைக்கு இரண்டு இலை கொடுத்தேன். கல்வாழை மஞ்சள் தேமல் வைரஸ் என்று பதில் வந்தது.

பரப்பியது வேறு யாருமில்லை, நான்தான். கிழங்கைப் பிரித்துப் பிரித்து நடுவதுதானே கல்வாழைக்கு வழக்கம்? நோய் கிழங்கிலேயே உட்கார்ந்திருந்தால் ஒவ்வொரு துண்டும் அதைச் சுமந்துகொண்டுதான் போகும்.

நம் துத்தியின் சொந்தக்காரச் செடி ஒன்று உண்டு, இலையில் மஞ்சள் கட்டம் கட்டமாக இருக்கும். 1868-ல் ஐரோப்பாவுக்குப் போய் அழகுச் செடியாகக் கொடிகட்டிப் பறந்தது. 1904-ல் பௌர் என்ற ஜெர்மன்காரர் பச்சைச் செடியோடு அதை ஒட்டுக் கட்டிப் பார்த்தார். பச்சைக்கும் மஞ்சள் தொற்றிக்கொண்டது. அழகு என்று கொண்டாடியது வியாதி. டூலிப் பூவில் வருகிற வரியும் அப்படித்தான் என்று 1928-ல் டோரதி கேலி என்ற அம்மாள் கண்டு சொன்னார். அதைப் பரப்புவது அசுவினி என்ற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. ஆக, நான் தனி ஆள் இல்லை என்று என்னை நானே தேற்றிக்கொள்கிறேன்.

உன் ரோஜாவிலும் ஒரு கண் வை. இந்தக் குளிரில் இலையில் வளைந்து நெளிந்து மஞ்சள் கோடு தெரிந்தால் அது தேமல் வைரஸ். சித்திரை வெயிலில் கோடு மறைந்துவிடும். குணமாகிவிட்டது என்று நாமும் நினைத்துக்கொள்வோம். உள்ளேதான் இருக்கும். அது ஒட்டுக் கட்டும்போது பரவுவது, அதனால் அந்தச் செடியிலிருந்து யாருக்கும் குச்சி கொடுக்காதே. அப்புறம் பெட்டூனியா பூச்செடி. என் நர்சரியில் மண் கலக்கும் அண்ணன் புகையிலை போடுகிறவர். புகையிலைத் தேமல் வைரஸ் காய்ந்த இலையில்கூடச் சாகாது, கையிலிருந்து நாற்றுக்கு ஏறிவிடும். சோப்புப் போட்டுக் கழுவாமல் நாற்றைத் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை! கத்தியைக்கூட இப்போது ஒவ்வொரு செடிக்கும் பால் பவுடர் கரைசலில் முக்கிவிட்டுத்தான் தொடுகிறேன். லிட்டருக்கு 200 கிராம், கொழுப்பு நீக்கிய பவுடர். பாலின் புரதம் அந்த வைரஸை ஒட்டவிடாது. பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

இப்போது நீ செய்ய வேண்டியது. டிரம்மில் இருக்கும் கல்வாழையைக் கிழங்கோடு தோண்டு, ஒரு துண்டுகூட விடாதே. விட்டால் அதிலிருந்தே முளைக்கும். உரக்குழியில் போடாமல் காயவைத்துக் கொளுத்திவிடு. மண்ணையும் மாற்றிவிடு. நான் என்னுடைய 40 தொட்டிகளையும் கார்த்திகையிலேயே எடுத்துவிட்டேன். அந்த இடம் இன்னும் மொட்டையாகத்தான் கிடக்கிறது.

இந்த உறையில் 10 விதை வைத்திருக்கிறேன். ஏரிக்கரையில் தானாக நிற்கும் சிவப்புக் கல்வாழையிலிருந்து எடுத்தது, இலை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் பறித்தேன். விதையிலிருந்து வரும் கன்று பெரும்பாலும் சுத்தமாக இருக்கும். விதை கறுப்பாகக் குண்டு மாதிரி இருக்கும், அப்படியே விதைத்தால் முளைக்காது. ஒரு பக்கத்தை உப்புத்தாளில் வெள்ளை தெரியும் வரை தேய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவை.

இன்னொன்று. என்னிடமிருந்து வாங்கிய கிழங்கைப் பிரித்து யார் யாருக்குக் கொடுத்தாய்? உன் நாத்தனார் வீட்டு வாசலில் ஒன்று பார்த்த ஞாபகம். பட்டியல் போட்டு எழுது. அவர்களுக்கு நானே போன் பண்ணிச் சொல்கிறேன்.

அன்புடன்,
மங்கை