மலைப்பாதையில் அந்நியர் நாம்தாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விடுமுறைக்காலம் நெருங்கினால், 'வழியில் யார் கைகாட்டினாலும் வண்டியை நிறுத்தாதீர்கள், முன்பின் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்' என்ற எச்சரிக்கைகள் நாளிதழ்களிலும் கைப்பேசிகளிலும் வலம்வரத் தொடங்குகின்றன. நள்ளிரவில் நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அவை தேவைதான். ஆனால் பல ஆண்டுகளாகக் கூடாரத்துடன் ஏற்காட்டுக்கும் அதைச் சுற்றியுள்ள சேர்வராயன் மலையூர்களுக்கும் போய்வருகிறவன் என்ற முறையில், அந்த எச்சரிக்கையை மட்டும் நம்பி மலையேறுவது போதாது என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறும் பாதையில் வண்டிகள் வந்தவண்ணம் இருக்கும். கொட்டச்சேட்டிலிருந்து குப்பனூருக்கு இறங்கும் மற்றொரு பாதையில் இருட்டிய பின் போக்குவரத்து குறைவு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் மாலை, மனைவியுடனும் மகளுடனும் அவ்வழியே இறங்கிக்கொண்டிருந்தபோது பின்சக்கரம் பஞ்சராகிவிட்டது. ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தால் அதிலும் காற்றில்லை. புறப்படும் முன் பார்க்காதது என் தவறு. கைப்பேசியில் சிக்னலும் கிடைக்கவில்லை. அரைமணி நேரம் கழித்து மொபெட்டில் ஒருவர் வந்தார். வந்தவர் இருபதடி தள்ளியே வண்டியை நிறுத்தி, விளக்கை அணைக்காமல் எங்களைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளூர நடுங்கியது என்பதே உண்மை.

பிறகு அருகில் வந்து விசாரித்தவர், ஸ்டெப்னியைக் கொடுத்தால் மேலே கடையில் காற்றடித்துக் கொண்டுவருவதாகச் சொன்னார். நான் தயங்குவதைக் கண்டதும், "வண்டி நம்பரைப் போட்டோ எடுத்து வச்சுக்குங்க சார். நீங்களும் கூட வரலாம்தான், ஆனா அம்மாவையும் பாப்பாவையும் இருட்டுல தனியா விட்டுட்டு வர வேணாம்" என்றார். அவர் போய்த் திரும்ப ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. சக்கரத்தை மாட்டி முடித்து, காற்றுக்குக் கொடுத்த காசை மட்டும் வாங்கிக்கொண்ட பின்னர், தூரத்தில் நின்று பார்த்த காரணத்தையும் அவரே சொன்னார்: "காப்பி காயப்போட்டிருக்கிற நேரம் சார். ராத்திரில கார் நின்னா எங்களுக்குப் பயம். பாப்பா இருக்கறதைப் பாத்துதான் கிட்ட வந்தேன்."

அந்த மலையில் அந்நியர் நாங்கள்தாம் என்பது அதுவரை எனக்குத் தோன்றியதே இல்லை. சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பது பெரும்பாலும் பனிக்காலத்தில்தான். பறித்த பழம் பல நாட்கள் களத்தில் காயும், அதைத் தொடர்ந்து மிளகுக் கொடிகளும் பறிப்புக்கு வரும். ஓராண்டு உழைப்பு வாசலில் கிடக்கும் அந்த மாதங்களில், எஸ்டேட் ஓரத்தில் திடீரென ஒரு கூடாரமும் டார்ச் வெளிச்சமும் தென்பட்டால் காவலுக்கு இருப்பவருக்கு எப்படி உறக்கம் வரும்?

அன்று முதல் எங்கே தங்குவதானாலும் பொழுது சாய்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, அருகிலுள்ள வீட்டிலோ எஸ்டேட் காவலாளியிடமோ நாங்கள் யார், எத்தனை பேர், எப்போது கிளம்புவோம் என்பதைச் சொல்லி, இடத்துக்கு உரியவரின் சம்மதமும் பெற்ற பிறகே கூடாரம் அடிக்கிறோம். அவ்வாறு சொன்னதால்தான் காட்டெருமை இறங்கும் தடம் எது, எந்த ஓடைத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது. காப்புக்காட்டில் அத்துமீறி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம் என்பதால் அந்தப் பக்கம் போவதில்லை.

எல்லோரையும் நம்பிவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஒருமுறை சில இளைஞர்கள் வந்து, எத்தனை நாள் தங்குவோம், உடன் ஆண்கள் எத்தனை பேர் என்று சுற்றிச் சுற்றி அதையே கேட்டபோது, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு ஊருக்குள் விடுதிக்குப் போய்விட்டோம். மொபெட்காரர் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ள வழிசெய்தார். இவர்களோ பெயர் கேட்டதற்கே சிரித்து மழுப்பினார்கள்.

உதவ மனமிருந்தும் வழக்கு, சாட்சி என்று அலைய நேருமோ என்ற அச்சத்தால் நிறுத்தாமல் போகிறவர்களும் உண்டு. விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுகிறவரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016இல் ஒப்புதல் அளித்தது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே அந்தப் பாதுகாப்பு சேர்க்கப்பட்டது. உதவியவர் தம் பெயரைச் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்த முடியாது. இதை அறியாதவர்கள் மலையிலும் சமவெளியிலும் ஏராளம்.

எனவே அடிவாரத்திலும் குப்பனூரிலும் மலைப்பாதை தொடங்குமிடத்தில், இந்தச் சட்டப் பாதுகாப்பையும், 112, 108 ஆகிய எண்களையும், வழியில் கைப்பேசி சிக்னல் கிடைக்கும் இடங்களையும் எளிய தமிழில் எழுதிய பலகைகளை மாவட்ட நிர்வாகம் வைக்க வேண்டும். தங்கள் நாளிதழும் அடுத்த கோடை விழாவின்போது பயணிகளுக்கான எச்சரிக்கைகளை வெளியிடுகையில், தங்கும் இடத்தில் முதலில் போய்த் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்படி அவர்களுக்கு ஒரு வரி சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.