லென்ஸ் வாங்குவதற்கு முன் இதைப் படி

அங் மோ கியோ,
சிங்கப்பூர்

அன்புள்ள வாசுகி,

உன் கடிதமும் படங்களும் கிடைத்தன. மகளுக்குக் கோவையிலேயே கல்லூரி கிடைத்ததில் எனக்கும் நிம்மதி. விடுதிச் சாப்பாட்டைப் பார்த்தாலே அழுகிற பிள்ளை அவள். இங்கே அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. தேக்கா சந்தைக்குக் கிளம்புகிறேன் என்று சொன்னால் மட்டும் அந்த வலி எங்கே போகிறதென்றே தெரியவில்லை, எனக்கு முன்னால் லிஃப்டில் போய் நிற்கிறார்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கிறது, தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் 100-400 ஜூம் லென்ஸ் வாங்கினால் மாறுமா என்று கேட்டிருக்கிறாய். மாறும், பறவை பெரிதாகத் தெரியும். அதற்குமேல் ஒன்றும் நடக்காது. சிங்காநல்லூர் குளத்துப் படங்களை நிதானமாகப் பார்த்தேன். எல்லாமே நின்ற உயரத்தில், ஏறு வெயிலில், கொக்கை நட்டநடுவில் வைத்து எடுத்தவை. கொக்கு வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. பின்னால் கரிய சேறு, நிழல் விழுந்த புதர் என்று வந்துவிட்டால் கேமரா ஏமாந்துபோகும். படம் இருட்டாக இருக்கிறது என்று நினைத்து அதுவே வெளிச்சத்தைக் கூட்டிவிடும், இறகின் வரிகள் அழிந்துவிடும். அந்த மாதிரி இடத்தில் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை மைனஸ் ஒன்றில் வைத்து எடுத்துப் பார். முடிந்தால் தரையோடு தரையாக உட்கார். கொக்கின் கண்ணும் உன் லென்ஸும் ஒரே மட்டத்தில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இதற்கெல்லாம் ஒரு ரூபாய் செலவில்லை.

எனக்குக் கைகொடுத்தவை எனக்கு நானே போட்டுக்கொண்ட தடைகள். தினம் ஒரு படம் எடுப்பது என்று பலர் சவால் வைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகம் வந்து, மேசைமேல் இருக்கிற கோப்பிக் குவளையைப் படம் பிடித்துக் கணக்கை முடிப்பதால் கண்ணுக்கு என்ன பழக்கம் வரும்? கையில் இருப்பதில் ஒன்றைப் பிடுங்கிக்கொள்கிற சவால்தான் வேலை செய்கிறது.

முதலில் ஜூமைப் பிடுங்கினேன். வெளியே போனால் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று மட்டும். தேக்கா சந்தைக்குள்ளும் கேம்பல் லேனிலும் அதை வைத்துக்கொண்டு பின்னால் போக இடமிருக்காது, யாராவது ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து இடிப்பார். முழுக் கடையும் படத்தில் அடங்காது. அதனால் எதை விடுவது என்று முடிவு செய்தே ஆகவேண்டும். ஒரு பூக்கடையில் முகம், தராசு, தொங்கும் மாலைகள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, நார் சுற்றும் விரல்களை மட்டும் எடுத்தேன். கட்டை விரல் நாரை இழுத்துப் பிடிக்கிறது, சுண்டு விரல் அடுத்த மல்லிகையை ஏற்கெனவே தள்ளிக்கொண்டு வருகிறது. இத்தனை வருடம் அங்கே பூ வாங்கியிருக்கிறேன், அந்தச் சுண்டு விரலை அன்றைக்குத்தான் பார்த்தேன். கடைக்கார அக்கா "படம் போதும், பூ வாங்கு" என்றார். வாங்கினேன்.

அடுத்தது கேமராவின் பின்திரை. கறுப்பு டேப் ஒட்டி அதை மூடிவிட்டேன். ஃபிலிம் சுருள் காலத்தைப் போல 36 படம்தான், அழிக்கக்கூடாது, வீட்டுக்கு வரும்வரை பார்க்கவும் கூடாது. பீஷான் பூங்கா ஞாபகம் இருக்கிறதா? நம் சின்ன வயதில் அங்கே காங்கிரீட் கால்வாய்தான் இருந்தது. அதை உடைத்து, கல்லும் புல்லுமாகக் காலாங் ஆற்றை வளைய விட்டு, 2012இல் திறந்தார்கள். இப்போது நீர்நாய்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் வந்துபோகின்றன. கரையில் நிற்கிற கூட்டத்தைப் பார்க்க வேடிக்கையாக இருக்கும். ஆளுக்கு நாலு படம் எடுத்துவிட்டுக் குனிந்து திரையைப் பார்ப்பார்கள், நீர்நாய் மீனோடு கரையேறுவது சரியாக அந்த நேரத்தில்தான். டேப் ஒட்டியவளுக்குக் குனிய வேலையில்லை. 36தான் என்ற பயம் இருப்பதால், நீர்நாய் தலை தூக்கும்வரை விரலும் பொறுத்திருக்கும்.

வண்டியோடு கேமராவையும் நகர்த்தி எடுக்கிற பேனிங்கும் பழகினேன், ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில், சைக்கிள்காரர்களை வைத்து. ஷட்டர் திறந்திருப்பது நொடியில் முப்பதில் ஒரு பங்கு. நூற்றில் ஒன்று தேறினால் அதிகம். அதைப்பற்றி வேறு சொல்ல ஒன்றுமில்லை.

அதிகம் கற்றது எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழே திறந்து கிடக்கிற தரைத்தளத்தில், அந்த வாய்ட் டெக்கில்தான், நம்புவாயா? வேறெங்கும் போகாமல் அதே தூண்கள், அதே கல்மேசை. சலிக்கும்வரை எடுப்பது, சலித்த பிறகும் எடுப்பது. எங்கள் புளோக்குக்கு வடக்கும் தெற்கும்தான் முகம். வடக்குப் பக்கம் வெயிலே வராது என்றுதான் நினைத்திருந்தேன். சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒன்றரை பாகைகூட வடக்கே இல்லை. அதனால் மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கிறது, மீதி மாதங்களில் தெற்கே. ஜூனில் காலை எட்டரை மணி வாக்கில் வடகிழக்கிலிருந்து ஒரு கற்றை தூண்களுக்கு இடையே நுழைந்து, சதுரங்கக் கட்டம் போட்ட கல்மேசையில் விழுகிறது. கொஞ்ச நேரந்தான். டிசம்பரில் அந்த இடத்தில் வெறும் சாம்பல் வெளிச்சம்.

அந்த மேசையில் சீனச் சதுரங்கம் ஆடும் அங்கிள் ஒருவரிடம் கேட்டுவிட்டு எடுத்தேன். காயைத் தூக்கிய கை மட்டும் வெயிலில், முகம் இருட்டில். அச்சுப் போட்டுக் கொடுத்தேன். மறுவாரம் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்துகொண்டு "இன்றைக்கு முகம் எடு" என்கிறார். அவருக்கு என் கலைப் பார்வையில் அவ்வளவாகத் திருப்தியில்லை போல.

இங்கே வெளியில் படம் எடுக்கிறவர்களுக்கு நேரம்தான் பெரிய எதிரி. சூரியன் செங்குத்தாக இறங்குவதால் மறைந்து இருபது நிமிடம் போனால் இருட்டிவிடும், உங்கள் ஊரிலும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனால் காலை ஒரு வசதி. 1982இல், நாம் தொடக்கப்பள்ளியில் இருந்தபோது, கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளினார்களே, அந்தப் புண்ணியத்தில் இங்கே விடிய ஏழு மணி ஆகிறது. அப்போது இருட்டில் பள்ளிக்கூடம் போகவேண்டியிருக்கிறது என்று நீ முனகியது எனக்கு மறக்கவில்லை. இப்போது அதே அரை மணியால் நான் ஆறரைக்கு எழுந்து இளவெயிலைப் பிடித்துவிடுகிறேன்.

அப்புறம் ஈரப்பதம். ஏர்கான் அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்துப் போனால் கண்ணாடி முழுக்கப் புகைமூட்டம் போட்டதுபோல் ஆகிவிடும். துடைத்தால் மறுபடி படரும். கிளம்ப அரை மணிக்கு முன்பே பையோடு தாழ்வாரத்தில் வைத்துவிடு. நீ வரும்போது இது உனக்கும் தேவைப்படும். வீட்டில் லென்ஸ்களை ஈரம் உறிஞ்சும் டிரை கேபினட்டில் 45 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்திருக்கிறேன். இல்லாவிட்டால் இந்த ஊர்க் காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

தைப்பூசத்துக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய், கட்டாயம் வா. விடியலுக்கு முன்பே சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குப் போய்விடலாம், காவடிகள் அங்கிருந்துதான் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயிலுக்குக் கிளம்பும். உன் 50 போதும், ஃபிளாஷ் மட்டும் வேண்டாம். அலகு குத்தும்போது கூட நிற்கும் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடு, வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடு. நல்ல படங்கள் வழியில்தான் கிடைக்கும். பால்குடத்தை இடுப்பு மாற்றும் பாட்டி, அப்பாவின் காவடிக்குப் பின்னால் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடும் பையன், அந்த மாதிரி.

ஒரு நாள் சுங்கை பூலோ ஈரநிலத்துக்கும் போவோம். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியாப் பக்கத்திலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் அங்கே வந்து தங்கும். கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துத்தான் போகவேண்டும். வெளியே சேற்றுத்தரை மூழ்கினால்தான் பறவைகள் நாம் ஒளிந்து பார்க்கும் மறைவிடங்களுக்கு அருகே வந்து ஒதுங்கும். அங்கே 50ஐ வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது, அதை நான் மறுக்கவில்லை. என்னிடம் 100-400 இருக்கிறது, ஒன்றரைக் கிலோ. நீயே தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்து பார். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால் லென்ஸ் வாங்கப் பெனின்சுலா பிளாசாவுக்கு நானே கூட்டிப்போகிறேன். விமான டிக்கெட் எடுத்ததும் தேதியை எழுது.

அன்புடன்,
மாலதி