எங்கள் குளத்து ஆப்புக்கு கூகுள் அனுமதி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் வாழையும் போடுகிற விவசாயி. எங்கள் குளத்துத் தண்ணீரில் பாசனம் செய்கிற ஆயக்கட்டுக்காரர்களின் கணக்கையும் பல வருஷமாக நான்தான் பார்த்து வருகிறேன். ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோருக்கு வெளியே இருந்து ஆப் ஏற்றுவதற்கு கூகுள் கொண்டு வரும் புதுக் கட்டுப்பாடு பற்றித்தான் எழுதுகிறேன். விவசாயிக்கு இதில் என்ன வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். எங்கள் மடைத் தண்ணீர் முறையே இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

2025 ஆகஸ்டில் கூகுள் இதை அறிவித்தது. ஒருவர் தான் எழுதிய ஆப்பை பிளே ஸ்டோரில் போடாமல் நேரடியாகவே கொடுத்தாலும், தன் பெயர், முகவரி, அடையாளச் சான்று எல்லாம் கூகுளிடம் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டுமாம். பதியாதவர் எழுதிய ஆப்பை போன் சாதாரணமாக ஏற்றுக்கொள்ளாது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து நாடுகளில் தொடக்கம். 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகளுக்கும் வரும். நம் நாட்டில் நூறு போனை எடுத்தால் தொண்ணூறுக்கு மேல் ஆண்ட்ராய்டுதான். ஆகவே இது எல்லோரையும் தொடுகிற விஷயம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பாபநாசம் அணையில் தண்ணீர் குறைந்த வருஷங்களில் கால்வாயில் முறை வைத்துத்தான் விடுவார்கள். குளத்துக்கு வந்த தண்ணீரையும் நாங்கள் மடைக்கு மடை முறை வைத்துத்தான் பாய்ச்ச வேண்டும். யாருக்கு எந்த ராத்திரி, மடை எத்தனை மணிக்கு அடைபட்டது என்பதில் வாய்த்தகராறு வந்து, போலீஸ் ஸ்டேஷன் வரை போன வருஷங்கள் உண்டு. வாட்ஸ்அப் குரூப் வைத்துப் பார்த்தோம். காலை வணக்கப் படங்களுக்கு அடியில் முறைச் செய்தி போய்விடும். அப்போதுதான் எங்கள் ஊர்ப் பையன் ஒருவன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், பொங்கல் லீவில் வந்திருந்தபோது எங்களுக்காக ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

அதில் மூன்றே பட்டன். பச்சைப் பட்டனை அமுக்கினால், மடைகளைத் திறந்து அடைத்துத் தண்ணீர் விடுகிற எங்கள் நீர்பாய்ச்சியின் குரலே பேசும்: "மேல மடைய சாயந்தரம் ஆறு மணிக்கு அடைச்சாச்சு. நடு மடைக்காரங்க காலையில வந்து தெறந்துக்கிடுங்க." எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெரியவர்கள் எங்களில் நிறைய. அவர்களுக்காகவே குரலில் வைத்தான். இரண்டாவது பட்டனில் முறைப் பட்டியல். மூன்றாவதில் நீர்பாய்ச்சிக்கு யார் எவ்வளவு நெல் கொடுக்க வேண்டும், கொடுத்தாயிற்றா என்ற கணக்கு. வயக்காட்டில் டவர் கிடைக்காத இடத்திலும் கடைசியாக வந்த பட்டியல் போனிலேயே இருக்கும். நூறு பேருக்கு மேல் வைத்திருக்கிறோம். எல்லோருக்கும் ஏபிகே ஃபைலாகத்தான், அதாவது ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப் ஏற்றுகிற ஃபைலாகத்தான் போனது. ஒருவர் போனில் இருந்து அடுத்தவர் போனுக்கு டீக்கடையில் உட்கார்ந்து ஏற்றிக்கொண்டோம். கார், பிசானம் என்ற இரண்டு நெல் பருவத்திலும் அதற்குப் பிறகு மடையில் சண்டை வரவில்லை.

பிளே ஸ்டோரில் போட்டுவிட வேண்டியதுதானே என்று கேட்கலாம். 25 டாலர் பதிவுக் கட்டணம். தனி ஆள் புதிதாகக் கணக்குத் தொடங்கினால் 12 பேரை வைத்துத் தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்டிய பிறகுதான் வெளியிட அனுமதி கேட்கவே முடியும். அப்புறம் ஆண்ட்ராய்டு புதுப்பதிப்பு வர வர ஆப்பையும் மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே ஒரு குளத்து மடைக்காக எழுதியதை உலகத்துக்கே கடை பரப்ப வேண்டிய தேவை எங்களுக்கு என்ன?

கூகுள் சொல்லும் காரணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. பிளே ஸ்டோரைவிட இணையத்தில் இருந்து நேரடியாக ஏற்றும் ஆப்களில் 50 மடங்குக்கு மேல் கெட்ட ஆப்கள் இருப்பதாக அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். அந்த ஆபத்தைக் கண்ணால் பார்த்தவன் நான். எங்கள் தெருவில் பீடி சுற்றுகிற ஒரு அக்காவுக்கு, சொந்தக்காரர் நம்பரில் இருந்தே கல்யாணப் பத்திரிகை என்று ஒரு ஃபைல் வந்தது. திறந்தார். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, சரி என்று தொட்டுவிட்டார். அடுத்து வந்த ஓடிபி எல்லாம் அவர் கண்ணில் படாமலே எங்கேயோ போய்விட்டது. மகள் காலேஜ் ஃபீஸுக்கு என்று சேர்த்து வைத்திருந்த பணம் ராத்திரியோடு காலி. பேங்க் வாசலில் பாஸ்புக்கை விரித்துக்கொண்டு அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள் யாரும் ஏபிகே மோசடியை லேசாகப் பேச மாட்டார்கள். இதே மாதிரி டிராஃபிக் அபராதம் என்றும், பி.எம். கிசான் பணம் என்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பணம் போனது தெரிந்த நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்குப் போன் செய்யச் சொல்லி எல்லா வீட்டிலும் சொல்லி வைக்க வேண்டும்.

ஆனால் அந்த அக்காவின் பணத்தை எடுத்தவன், ஆப் எழுதுகிறவர் அடையாளச் சான்று கொடுக்க வேண்டும் என்றால் ஒதுங்கிப் போய்விடுவானா? அடுத்தவர் பெயரில் சிம் வாங்குகிறவன், கமிஷன் கொடுத்து ஏழைகளின் பேங்க் அக்கவுன்ட்டை வாடகைக்கு எடுக்கிறவன், ஆதாரையும் பான் கார்டையும் வாடகைக்கு எடுத்துப் பதிந்துகொள்வான். சான்று கேட்டால் தயங்கி நிற்கப் போவது எங்கள் ஊர்ப் பையன் போன்றவர்கள்தான். பிளே ஸ்டோரில் இருப்பதெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. மிரட்டிப் பணம் பறித்த கடன் ஆப்கள் எங்கே இருந்தன? 2022 செப்டம்பரில் இருந்து 2023 ஆகஸ்டுக்குள் 2,200க்கும் மேற்பட்ட கடன் ஆப்களை கூகுள் தன் ஸ்டோரில் இருந்தே நீக்கியது என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது.

திருட்டு எந்த வழியாக நடக்கிறதோ அந்த வழியை அடைக்க வேண்டும். மோசடி ஆப்புக்கு எஸ்எம்எஸ் படிக்க வேண்டும், திரையில் வருவதைப் பார்க்க வேண்டும், நோட்டிஃபிகேஷனைப் பிடிக்க வேண்டும். வெளியே இருந்து வரும் ஆப் இந்த அனுமதிகளைக் கேட்டால் அங்கேயே தடுக்கும் ஏற்பாட்டை கூகுளே சிங்கப்பூரில் 2024இல் தொடங்கி, அதே வருஷம் இந்தியாவிலும் சோதித்துப் பார்ப்பதாக அறிவித்தது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எங்கள் குளத்து ஆப் எஸ்எம்எஸ்ஸும் கேட்பதில்லை, போன் நம்பர் பட்டியலும் கேட்பதில்லை. அதைத் தடுத்து யாருக்கு என்ன பாதுகாப்பு?

விதைநெல்லில் எங்களுக்கு இந்த நியாயம் இருக்கிறது. கடையில் பிராண்டு போட்டு விற்கிறவருக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ஆனால் என் வயலில் விளைந்த விதையை நான் பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பிராண்டு பெயர் போடாமல் விற்கவும் செய்யலாம் என்று பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் 2001லேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தெரிந்தவர் தெரிந்தவருக்குக் கொடுப்பதையும் கடை வியாபாரத்தையும் அந்தச் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. ஆப்புக்கும் அந்தப் பிரிவினை வேண்டும்.

உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பிய பிறகு கூகுள் கொஞ்சம் இறங்கி வந்தது உண்மை. தன்னார்வலர்கள் 2010 முதல் நடத்தி வரும் எஃப்-டிராய்டு என்ற இலவச ஆப் களஞ்சியம், இந்த விதி வந்தால் எங்கள் வேலையே முடிந்துவிடும் என்று வெளிப்படையாக எழுதியது. இப்போது மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுகிறவர்களுக்கும் கட்டணமும் அரசு அடையாளச் சான்றும் இல்லாத கணக்கு உண்டு என்கிறார்கள். ஆனால் 20 போனுக்கு மேல் கொடுக்க முடியாது. நூறு பேர் ஆயக்கட்டில் எந்த இருபது பேருக்கு நான் கொடுப்பது? மேல மடைக்காரருக்குத் தெரிந்து கீழ மடைக்காரருக்குத் தெரியாமல் போனால் பழைய சண்டைதான்.

இன்னொரு வழியும் வைத்திருக்கிறார்கள். போன் செட்டிங்கில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷனைத் திறந்து, யாரும் தூண்டி நான் இதைச் செய்யவில்லை என்று உறுதி சொல்லி, போனை அணைத்துப் போட்டு, ஒரு நாள் காத்திருந்து, மறுபடி கைரேகையோ பின் நம்பரோ கொடுத்து ஏற்றிக்கொள்ளலாம். அந்த ஒரு நாள் காத்திருப்பை நான் குறை சொல்ல மாட்டேன். மோசடிக்காரன் அவசரப்படுத்தித்தான் காரியம் சாதிக்கிறான். ஆனால் எங்கள் எழுபது வயதுப் பெரியவர் டெவலப்பர் ஆப்ஷனை எங்கே போய்த் தேடுவார்? அது திறந்திருந்தால் சில பேங்க் ஆப்கள் வேலை செய்யவே மறுக்கின்றன. முறைத் தண்ணீர் பார்க்கப் போய் அவர் பென்ஷன் பணத்தைப் பார்க்க முடியாமல் நிற்பார்.

நம் நாட்டுச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்றும் பார்க்க வேண்டும். இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டபோது, ஆப் எழுதுகிறவர்கள் வெளியே இருந்து நேரடியாகக் கொடுப்பதைத் தடுக்கக் கூடாது என்றும் உத்தரவிட்டது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்துவிட்டு, அந்த உத்தரவு உட்பட நான்கு உத்தரவுகளை ரத்து செய்துவிட்டது. எங்களைப் போன்றவர்களுக்கு அபராதத்தைவிட அந்த உத்தரவுதான் முக்கியம். அடுத்த வருஷமே, 2024 மார்ச்சில், கட்டணத் தகராறில் சென்னையின் பாரத் மேட்ரிமோனி உட்படப் பல இந்திய ஆப்களை கூகுள் ஸ்டோரில் இருந்து எடுத்தது. மத்திய அரசு தலையிட்ட பிறகுதான் திரும்ப வைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அமைச்சர் பேசினார். எங்கள் குளத்துக்கு யார் பேசுவார்கள்?

2027க்கு முன் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் கூகுளைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். பாசன சங்கம், கூட்டுறவு, பள்ளிக்கூடம், மகளிர் குழு போன்ற அமைப்புகளுக்கு அந்த இருபதைச் சில நூறாகவாவது உயர்த்த வேண்டும். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்காத ஆப்பை ஏற்றிக்கொள்ள, போனின் சொந்தக்காரர் சம்மதமே போதும் என்று ஆக்க வேண்டும். நம் எம்.பி.க்கள் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.

கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் மாதாமாதம் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுத்து, டெல்லிக்கு அனுப்பச் சொல்லிக் கேட்க இருக்கிறோம். இந்த மாதிரி ஆப் வைத்திருக்கும் மற்ற குளத்துக்காரர்களும் அன்றைக்கு வந்து எங்களோடு கையெழுத்துப் போடலாம்.

இப்படிக்கு,
கன்னடியன் கால்வாய்ப் பாசன விவசாயி ஒருவர்,
சேரன்மகாதேவி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.