அந்தப் பதினோரு நாள் சம்பளம்

அக்கா,

இதை உங்கள் பொண்ணு படித்துக் காட்டுவாள் என்று நினைக்கிறேன். அவள் நம்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. வாட்ஸ்அப் படத்தில் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக நிற்கிறாள். டிகிரி வாங்கிவிட்டாள் போல. சந்தோஷம்.

எங்கள் வீட்டில் பையனைப் பார்த்துக்கொண்ட உங்களை வேலையிலிருந்து அனுப்பிய அன்று வாசலில் நடந்தது உங்களுக்கே தெரியும். டாக்டர் அறையில் நடந்ததும், அதற்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததும்தான் தெரியாது.

என் போன் வருஷா வருஷம் ஒரு வீடியோவை எடுத்து முன்னால் வைக்கிறது. 2022 ஜூலை 31. மொத்தம் 19 விநாடி. இரண்டு வருஷம் விரலால் தள்ளிவிட்டேன். இந்த வருஷம் பையன் என் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தான், பார்த்துவிட்டான். "நான் ஏம்மா அழறேன்?" என்று கேட்டான்.

திருவான்மியூரில் எங்கள் வீட்டுப் பக்கத்துப் பூங்கா. சறுக்குமரத்தின் மேலே நான், என் மடியில் அவன். காலில் அந்தக் கீச்சு ஷூ. அவன் நடந்து வந்தால் "எலிக்குட்டி வருது, எலிக்குட்டி வருது" என்பீர்களே, அதேதான். தனியாக விட்டால் விழுந்துவிடுவானோ என்ற பயத்தில்தான் மடியில் வைத்துக்கொண்டேன். பாதி வழியில் அவனுடைய வலது ஷூவின் ரப்பர் சறுக்கின் ஓரத்தில் பிடித்துக்கொள்கிறது. அவன் கால் நின்றுவிட்டது. நான் நிற்கவில்லை. என் 68 கிலோ அவனையும் தள்ளிக்கொண்டு கீழே இறங்குகிறது. கால் திரும்புவது அரை விநாடிகூடக் கிடையாது. வீடியோவில் நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

வீறிட்டு அழுதான். தூக்கிக்கொண்டு பெசன்ட் நகர் பீச்சுக்குப் போனோம். பஞ்சு மிட்டாயைப் பார்த்ததும் அடங்கிவிட்டான். வீக்கம் இல்லை, சிராய்ப்புகூட இல்லை. தோளிலேயே தூங்கிப்போனான். நானும் மறந்துபோனேன். அந்த வாரம் ஆபீஸில் எனக்கு இருந்த நெருக்கடியை எழுதினால் சாக்கு மாதிரி இருக்கும். சாக்குதான்.

மறுநாள் காலை நீங்கள் வந்து ஐந்து நிமிஷத்தில் சொன்னீர்கள்: "பாப்பா, ராசா காலை ஊன மாட்டேங்குது." நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நடிக்கிறான். எந்நேரமும் இடுப்புல வெச்சுக்கிட்டு நீங்கதான் கெடுத்துட்டீங்க." அப்போதும் நீங்கள் விடவில்லை. "நேத்து எங்கனா போனீங்களா?" "பீச்சுக்கு." "மணல்ல விழுந்தா ஒண்ணும் ஆவாதே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனீர்கள். அவன் உங்கள் இடுப்பில் இருந்தபடி கையை மேலிருந்து கீழே இழுத்து "சர்ர்ர்" என்றான். திரும்பத் திரும்ப. கார் விளையாட்டு என்று இரண்டு பேருமே சிரித்தோம்.

இந்த இடத்துக்குத்தான் நான் மறுபடி மறுபடி வந்து நிற்கிறேன். பேச்சு வராத பிள்ளை கையைக் காட்டிச் சொல்லியிருக்கிறான்.

வியாழக்கிழமை எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்றார்கள், வலிக்கு ஒரு சிரப். அவனோ நடப்பதை விட்டுவிட்டுத் தவழ ஆரம்பித்தான். நீங்கள் விளக்கெண்ணெயைச் சூடு பண்ணி, பாதத்தைப் பிடித்து இழுத்துச் சுளுக்கு எடுத்தீர்கள். அவன் கத்திய கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. சொல்லிவிடுகிறேன் அக்கா, அந்தக் கோபம் எனக்குப் போகவில்லை. என்னைக் கேட்காமல் ஏன் கை வைத்தீர்கள்? இத்தனை நாள் நான் பிடித்துக்கொண்டிருந்தது அந்த எண்ணெய்க் கையைத்தான். அது உடைந்து நாலு நாள் கழித்து நடந்தது என்று தெரிந்தும்.

11ஆம் தேதி இன்னொரு டாக்டரிடம் போனோம். புதுப் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே பெரிய எலும்பைச் சுற்றிச் சாய்வாக ஒரு மெல்லிய கோடு. அதன் ஓரத்தில் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை. அது புதிதாக வளர்கிற எலும்பாம். நடக்கப் பழகும் வயதில், மூன்று வயதுக்குள், இப்படி உடைவது சகஜமாம். எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வு அந்த வயதில் தடிப்பாக இருப்பதால் எலும்பு விலகாது, வெளியே வீக்கமும் பெரிதாகத் தெரியாது. முதல் படத்தில் கோடு தெரியாமல் போவதும் உண்டு. பத்து நாள் கழித்து, எலும்பு கூடத் தொடங்கும்போதுதான் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் கேட்டார்: "பகல்ல குழந்தை யார்கிட்ட இருக்கான்?"

எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான். நான் உண்மையைத்தான் சொன்னேன். "ஆயாகிட்ட." அந்த ஒரு சொல் வீடு வந்து சேர்வதற்குள் என்னவாக மாறியது என்பது உங்களுக்குத் தெரியும். கார் நிறுத்துமிடத்தில் உங்கள் மேல் பழி போட்ட அந்த வாக்கியத்தைச் சொன்னவர் யார் என்று இங்கே எழுத மாட்டேன். எங்கள் குடியிருப்புக் குழுவில் யார் என்ன போட்டார்கள் என்பதையும் எழுத மாட்டேன். அவர்களில் சிலர் இதைப் படிக்கிறார்கள். வீட்டுக்காரர் படித்துவிட்டு இரண்டு வரியை எடுக்கச் சொன்னார். ஒன்றை எடுத்திருக்கிறேன்.

நீங்கள் ஏன் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை? "நீதானேம்மா வெளிய கூட்டிட்டுப் போனே" என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்கலாமே. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு லிஃப்டில்கூட ஏறாமல் படியில் இறங்கிப் போனீர்கள். உங்களுக்குக் கத்துவதற்கு அங்கே என்ன இடம் வைத்திருந்தோம் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது.

நாலு வாரம் கழித்து மாவுக்கட்டைப் பிரிக்கும்போது டாக்டர் சாதாரணமாகக் கேட்டார், "சறுக்குமரத்துல யாராவது மடியில வெச்சுக்கிட்டுச் சறுக்கினீங்களா?" தனியாகச் சறுக்கினால் ஷூ மாட்டினாலும் பிள்ளை நின்றுவிடுமாம். பெரியவர் எடை பின்னால் இருந்தால் கால் முறுக்கிக்கொள்ளும். "இல்ல டாக்டர்" என்றேன். வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். வீடியோ எடுத்தவர் அவர்தான்.

அன்றே கண்ணகி நகர் வந்திருக்கலாம். இருபது நிமிஷ ஷேர் ஆட்டோ. வரவில்லை. அடுத்த மாதம் அடையாறில் ஒரு வீட்டுக்காரம்மா, உங்களைக் குழந்தை பார்க்க வைத்துக்கொள்ளலாமா என்று எனக்கு மெசேஜ் போட்டார். நீல டிக் விழுந்தது. நான் ஒன்றும் எழுதவில்லை. இது உங்களுக்குத் தெரிந்திருக்காது. இப்போது ஓ.எம்.ஆரில் ஏதோ கட்டிடத்தில் ஹவுஸ்கீப்பிங் போகிறீர்கள் என்று கேள்வி. நேற்று அந்த அம்மாவுக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன். அவர் பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டதாம்.

பையன் நன்றாக ஓடுகிறான். இன்றைக்கும் சோற்றை உருட்டி வைத்து "இது காக்காவுக்கு, இது அணிலுக்கு" என்றால்தான் வாய் திறப்பான். யார் பழக்கியது என்று அவனுக்கு நினைவில்லை.

ஷூ ஸ்டாண்டின் மேல் நீங்கள் வைத்துவிட்டுப் போன கவர் பீரோவில் அப்படியே இருக்கிறது. மாதம் 12,000 என்றால் 11 நாளுக்கு 4,258 என்று கால்குலேட்டரில் தட்டி, எட்டு ரூபாயைக்கூடச் சில்லறையாக எண்ணிப் போட்டவள் நான். நேற்று பிரித்துப் பார்த்தேன். உள்ளே இரண்டு 2,000 ரூபாய் நோட்டு. 2023 மே மாதமே திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்துவிட்டார்கள், இப்போது எந்தக் கடையிலும் வாங்க மாட்டார்கள். ராஜாஜி சாலையில் ரிசர்வ் வங்கிக்குத்தான் கொண்டுபோக வேண்டும். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.

மாற்றிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். வர வேண்டாம் என்றால் உங்கள் பொண்ணை ஒரு வரி போடச் சொல்லுங்கள். பையனைக் கூட்டிவரலாமா என்பதையும் நீங்களே சொல்லுங்கள்.