கயலுக்கு, இறக்கையின் முன்விளிம்பு பற்றி

அன்புள்ள கயலுக்கு,

அண்ணன் வீட்டுச் சேதிகளையெல்லாம் அம்மா போனில் சொல்லியிருப்பாள். உங்கள் ஹாக்கர் 800எக்ஸ்பி ஜெட் விமானம் பராமரிப்பு முடிந்து அடுத்த வாரம் வெளியே வருகிறது என்று அவளிடம் சொன்னாயாம். இறக்கையின் முன்விளிம்பில் பனிக்கட்டி பிடிக்காமல் தடுக்கும் டி.கே.எஸ் தகடுகளைக் கழற்றினார்களா என்று நான் கேட்டனுப்பியதற்கு மட்டும் பதில் இல்லை.

1962 ஆகஸ்டில் ஹாட்ஃபீல்டில் முதன்முதலாகப் பறந்த டி ஹாவிலண்ட் 125-இன் வழிவந்த விமானம் அது. அதன் பழைய வைப்பர் ஜெட் எஞ்சின்களின் இரைச்சலும் எரிபொருள் செலவும் 1976-இல் டர்போஃபேன் என்ற வேறுவகை ஜெட் எஞ்சின் வந்த பிறகே அடங்கின. 1983-இல் பறந்த 800 மாடலுக்கு இறக்கையை நீட்டினார்கள். செஸ்டருக்கு அருகே பிராட்டனில் நாங்கள் பூட்டிய அந்த இறக்கையில் இன்று என் மகள் பறக்கிறாள் என்பதைக் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். 2012-இல் அதைத் தயாரித்த ஹாக்கர் பீச்கிராஃப்ட் நிறுவனம் திவாலான பிறகு புது ஹாக்கர்கள் வருவதில்லை; இருப்பவையெல்லாம் வயதானவை, அடிக்கடி பிரித்துப் பார்க்க வேண்டியவை.

சிறுமியாக இருந்தபோது நீ விரலால் தடவிப் பார்த்த முன்விளிம்புத் தகடுதான் என் கவலை. அதன் நுண்துளைகள் வழியே கிளைக்கால் என்ற உறைதடுப்புத் திரவம் கசிந்து, இறக்கைமேல் படர்ந்து, பனிக்கட்டி பிடிக்காமல் காக்கிறது. கழற்றி மாட்டும்போது இணைப்பில் நகக்கண் அளவு மேடு நின்றாலும், வேகம் குறையும்போது காற்று ஒரு பக்க இறக்கையை முந்திக் கைவிட்டுவிடும். விமானம் அந்தப் பக்கமே புரளும். ஆகவேதான் மாட்டிய பின் ஸ்டால் சோதனை, அதாவது வேகத்தைக் குறைத்து இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலைவரை கொண்டுபோய்ப் பார்க்கும் சோதனை, செய்தாக வேண்டும் என்கிறது கையேடு. 2024 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டாவில் இரு விமானிகளுடன் ஒரு ஹாக்கர் 900எக்ஸ்பி விழுந்தது அந்தச் சோதனைக்குப் போன பயணத்தில்தான்.

நீ கேப்டன், உனக்குத் தெரியாததில்லை. ஆனாலும் பகலில் செய், மேகமில்லாத வானில் செய், போதிய உயரத்தில் செய். கிளம்புமுன் இணைப்பை நீயே விரலால் தடவிப் பார். அவசரப்படுத்தினால் மறுத்துவிடு. பகலில்தான் செய்ய வேண்டும், கயல்.

எங்களைப் பயமுறுத்தக் கூடாதென்று நீ மறைப்பது புரிகிறது. இறக்கை பூட்டியவனிடம் மறைக்க வேண்டியதில்லை. அன்று உன் பக்கத்தில் உட்காரப்போகிறவர் இந்த விமானத்தில் முன்பு ஸ்டால் செய்து பழகியவரா? அதை மட்டும் எழுது.

அப்பா