ரசீதுக் கட்டு

அன்புள்ள கதிர்,

நலம், வீட்டில் அனைவரும் நலமென்று நம்புகிறேன். நான்கு மாதமாக உன் கடிதத்துக்குப் பதில் எழுதாதது என் பிழை, பொறுத்துக்கொள். என் முழங்கால் வலியைப் பற்றி அடுத்த முறை எழுதுகிறேன். இன்று சொல்லவேண்டியது வேறு.

சென்ற வாரம் வீடற்றோர் இரவுக் கணக்கெடுப்பில் தன்னார்வலராகக் கலந்துகொண்டேன். பின்னிரவு இரண்டு மணிக்குப் பேருந்து நிலையத்தின் கடைசி இருக்கையில், ஐம்பதைக் கடந்த ஒரு பெண்மணி மடியில் பிளாஸ்டிக் உறையுடன் விழித்தபடி உட்கார்ந்திருந்தார். எத்தனை நாளாக இங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பதில் பேசாமல் உறையைப் பிரித்தார். உள்ளே பதினோரு ஆண்டு வாடகை ரசீதுகள், ஆண்டுவாரியாக ரப்பர் வளையமிட்டு அடுக்கப்பட்டிருந்தன. கடைசிக் கட்டில் மட்டும் மூன்று மாதங்கள் விடுபட்டிருந்தன. அந்த மூன்று மாதமும் அவர் இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் கிடந்திருக்கிறார். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் நாளில், எங்கே போவீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. பழைய முகவரியையே சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள்; போய்ப் பார்த்தபோது கதவில் வேறு பூட்டுத் தொங்கியது.

கதிர், அவர் வீட்டை இழக்கப்போகிறார் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும், அண்டை வீட்டாருக்குத் தெரியும், விசாரித்திருந்தால் மருத்துவமனைக்கும் தெரிந்திருக்கும். நகரத்துக்குத்தான் கடைசியில் தெரிந்தது, அதுவும் என் கையிலிருந்த படிவத்தின் வழியாக.

உன் குழு புதிய இரவுக் காப்பகத்துக்குத் திட்டம் வரைவதாக எழுதியிருந்தாய். காப்பகம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. மழையிலும் குளிரிலும் அது உயிரைக் காக்கும். ஆனால் காலையில் மூட்டையோடு வெளியே போய், மாலையில் மறுபடியும் வரிசையில் நிற்கவேண்டிய ஒருவர் எந்த வேலையில் நிலைக்க முடியும்? ஹெல்சின்கியில் 1985இல் ஏறத்தாழ 2,100 காப்பகப் படுக்கைகள் இருந்தன. 2016இல் 52 மட்டுமே இருந்தன. பழைய விடுதிகளை வாடகை ஒப்பந்தத்துடன் கூடிய சிறு குடியிருப்புகளாக மாற்றி, அவற்றுக்குள்ளேயே சமூகப் பணியாளர்களையும் அமர்த்தினார்கள். பின்லாந்தில் 1980களின் இறுதியில் 18,000 அளவில் இருந்த வீடற்றோர் தொகை 2023இல் 3,500க்கும் கீழே இறங்கியது. மறு ஆண்டு, வாடகை உதவி குறைக்கப்பட்ட பிறகு, அது மீண்டும் ஏறியது. ஒருமுறை செய்து முடித்துவிட்டு மறந்துவிடக்கூடிய வேலை அல்ல இது.

"முதலில் குடியை நிறுத்தட்டும், பிறகு வீட்டைப் பற்றிப் பேசலாம்" என்று நீயும் நம் மாடிக்காரரும் ஒரே குரலில் வாதிட்டது நினைவிருக்கிறது. 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் அந்த வரிசையையே தலைகீழாக்கினார்: முதலில் சாவி, பிறகு விருப்பப்படி சிகிச்சை. அப்படி வீடு பெற்றவர்களில், ஐந்தாண்டுகளுக்குப் பிறகும் 88 விழுக்காட்டினர் வீட்டில் நிலைத்திருந்தனர். பழைய வழியில் சென்றவர்களில் 47 விழுக்காட்டினரே நிலைத்தனர். வீடு கிடைத்ததாலேயே குடிப்பழக்கம் போய்விடும் என்று நான் சொல்லமாட்டேன், கனடாவில் ஐந்து நகரங்களில் நடந்த பெரிய ஆய்விலும் அப்படித் தெரியவரவில்லை. ஆனால் குடிக்கிறவருக்கும் இரவில் தாழிட்டுக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? விடுதி அறைச் சாவியை மாதம் தவறாமல் தொலைத்துவிட்டு என் கட்டிலில் வந்து படுத்தவனுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு முக்கியமாகப்படுவது, தெருவுக்கு வருமுன் தடுப்பதுதான். வேல்ஸ் 2014இல் கொண்டுவந்த சட்டத்தின்படி, 56 நாட்களுக்குள் வீட்டை இழக்கும் நிலையில் இருப்பவருக்கு உதவுவது உள்ளாட்சியின் கடமை. இங்கிலாந்தின் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி மேலே போயிற்று: மருத்துவமனை, சிறை போன்ற பொது அமைப்புகள் தங்களிடம் இருப்பவர் வீடிழக்கும் நிலையிலிருப்பதை அறிந்தால், அவருடைய ஒப்புதலுடன் உள்ளாட்சிக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தப் பெண்மணிக்குத் தேவைப்பட்டது இவ்வளவுதான்: படுக்கையருகே வந்து ஒரு கேள்வி கேட்க ஓர் ஆள், மூன்று மாத வாடகைக்கு ஒரு நிதி, வீட்டுக்காரரிடம் பேச ஒருவர். வாடகைக்கு எட்டும் வீடுகளே நகரத்தில் இல்லையென்றால் இதுவும் காகிதத்தோடு நின்றுவிடும் என்பதை அறிவேன். வீடு கட்டும் பொறுப்பு உன் குழுவுக்கு அப்பாற்பட்டது என்பதையும் அறிவேன். ஆனால் மருத்துவமனை, சிறை, சிறார் இல்லம், வெளியேற்ற வழக்கு நடக்கும் நீதிமன்றம் ஆகிய நான்கு இடங்களிலிருந்தும் தகவல் ஒரே மேசைக்கு வந்து சேர ஏற்பாடு செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. திட்ட வரைவில் காப்பகத்துக்கு முந்தைய பக்கத்தில் அதைச் சேர்த்துவிடு.

அவர் பெயர் இப்போது ஒரு காத்திருப்போர் பட்டியலில் ஏறியிருக்கிறது. ரசீதுகளை நகலெடுத்துக் கொடுத்தேன். மூலக் கட்டைக் கையைவிட்டு இறக்க அவர் சம்மதிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மறுபடியும் பார்க்கப் போகிறேன். அதற்குள் உன் குழு கூடும் தேதியை எழுது.

அன்புடன்,
மணி