வெர்மான்ட் டேகேர் சட்டம்: தலைப்பில் ஒரு பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டேகேர் கட்டணத்தில் பெற்றோருக்கு உதவ அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் கொண்டுவந்த குழந்தை பராமரிப்புச் சட்டம் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை படித்தேன். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்தான். ஆனால் ‘டேகேர் இனி இலவசம்’ என்று போட்ட தலைப்பை நம்பி விண்ணப்பிப்பவர்கள் பலர் முதல் மாதமே ஏமாந்துபோவார்கள். வருமானம் பாராமல் எல்லோருக்கும் இலவசம் என்று அறிவித்த மாநிலம் நியூ மெக்சிகோ, 2025 நவம்பர் 1 முதல். எண்ணெயும் எரிவாயுவும் நிரப்பிய நிதியம் அவர்களிடம் இருக்கிறது. வெர்மான்ட்டில் எண்ணெய்க் கிணறு கிடையாது. சம்பளத்தின் மீது வரி போட்டுத்தான் பணம் திரட்டுகிறார்கள்.

2023 ஜூனில் ஆளுநர் ஃபில் ஸ்காட் ஒப்புதல் மறுத்த மசோதா இது. இரண்டு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளோடு அதை மீறிச் சட்டமாக்கின. 2024 ஜூலை 1 முதல் சம்பளத்தில் 0.44 சதவீதம் வரி. ஆண்டுக்கு 60,000 டாலர் சம்பளம் என்றால் 264 டாலர். அதில் கால் பங்கு வரை, அதாவது 66 டாலர் வரை, முதலாளி ஊழியரிடம் பிடித்துக்கொள்ளலாம். குழந்தை இல்லாதவரும் கட்டுகிறார் என்ற முணுமுணுப்பு உண்டு. பள்ளிக்கூட வரிக்கும் அதே முணுமுணுப்புதான்.

வரம்பு விஷயத்துக்கு வருவோம். முன்பு மத்திய அரசு ஆண்டுதோறும் அறிவிக்கும் வறுமை வரம்பைப் போல மூன்றரை மடங்கு வருமானம் வரைதான் டேகேர் கட்டணத்துக்கு மாநில உதவி கிடைத்தது. 2024 ஏப்ரலில் அது நான்கு மடங்காயிற்று, அக்டோபரில் 5.75 மடங்கு. 2024 கணக்கில் நால்வர் குடும்பத்துக்கு வறுமை வரம்பு 31,200 டாலர் என்பதால், உச்ச வரம்பு 1,79,400 டாலர் என்று உங்கள் கட்டுரை சொன்னது சரியே. ஆனால் கைக்காசு தராமல் குழந்தையை விட முடிவது 1.75 மடங்குக்குள், அதாவது 54,600 டாலருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும். அதற்கு மேலே வாரந்தோறும் ‘குடும்பப் பங்கு’ உண்டு. வருமானம் ஏற ஏற அதுவும் ஏறும். ஒரே ஆறுதல், அது குடும்பத்துக்கு ஒன்று. இரண்டு குழந்தைகளை விட்டாலும் பங்கு இரட்டிப்பாகாது. கையில் வரும் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுவது வழக்கமான தவறு. பிடித்தங்களுக்கு முந்தைய மொத்தச் சம்பளத்தைத்தான் பார்ப்பார்கள்.

இந்தச் சட்டத்தின் உயிர்நாடி உங்கள் கட்டுரையில் இல்லாத ஓர் இடத்தில் இருக்கிறது: டேகேர் மையத்துக்கு மாநிலம் பணம் தரும் முறையில். வருகைப் பதிவைப் பார்த்துப் பணம் தரும் மாநிலங்களில், ஒரு குழந்தை காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டால் மையத்துக்கு அந்த வாரப் பணம் குறையும். ஆசிரியை சம்பளமும் வாடகையும் குறையுமா? அதனால்தான் மாநில உதவியோடு வரும் குழந்தையைவிட, முழுக் கட்டணம் கட்டும் வீட்டுக் குழந்தையை மையங்கள் விரும்பின. வெர்மான்ட் சட்டம் சேர்க்கையை வைத்துப் பணம் தரச் சொன்னது. 2024 ஜனவரியில் மாநிலம் தரும் தொகையும் 35 சதவீதம் உயர்ந்தது. வரம்பை மட்டும் உயர்த்திவிட்டு இந்த இரண்டையும் செய்யாமல் விட்டிருந்தால், கையில் உதவிக்கான சான்றிதழ் இருக்கும், மையத்தில் குழந்தைக்கு இடம் இருக்காது.

அடுத்து, நம்மவர்கள் அதிகம் இடறி விழும் இடம். வருமானம் வரம்புக்குள் இருந்தால் போதாது. குழந்தையை வெளியே விடுவதற்குத் ‘தேவை’ இருப்பதைக் காட்ட வேண்டும். பெற்றோர் இருவர் என்றால் இருவருமே வேலையிலோ படிப்பிலோ பயிற்சியிலோ இருக்க வேண்டும். உடல்நலக் காரணம் போன்ற விலக்குகள் உண்டு, வேலை தேடும் காலத்துக்கும் மூன்று மாதம் போல இடம் உண்டு. கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்க, மனைவி அவரைச் சார்ந்து வரும் எச்-4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் வீட்டில் இருந்தால், வெறும் வருமானக் கணக்கை வைத்து விண்ணப்பிப்பதில் பயனில்லை. அவர் படிப்பில் சேர்ந்தால் கதை வேறு. பெற்றோரின் விசாவை நினைத்துப் பயந்து ஒதுங்குபவர்களும் இருக்கிறார்கள். இந்த உதவிக்கு வரும் மத்திய அரசு நிதியில் பார்க்கப்படுவது குழந்தையின் குடியேற்ற நிலைதான். அதிலும் விடுபட்டுப்போகும் குடும்பங்களுக்கு வெர்மான்ட் மாநிலப் பணத்திலிருந்து வழி செய்திருக்கிறது. ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வரும் பாட்டிக்கு இந்தப் பணத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்கினால் அடுத்த முறை பாட்டிக்கு விசாவே கிடைக்காமல் போகலாம்.

இன்னொரு ஓட்டை உண்டு. மாநிலம் தரும் தொகையைவிட மையத்தின் கட்டணம் அதிகமாக இருந்தால், மிச்சம் பெற்றோர் தலையில்தான் விழும். குடும்பப் பங்கு பூஜ்யம் என்று தாளில் அச்சடித்து வந்தும் மாதக் கடைசியில் பில் வருவது இப்படித்தான். மையத்தில் பேசும்போதே கேட்டுவிட வேண்டும்: மாநில உதவியை ஏற்கிறீர்களா, அந்தத் தொகைக்கு மேல் எவ்வளவு வாங்குகிறீர்கள், பதிவுக் கட்டணம் தனியா?

கைக்குழந்தைகளுக்கு இடம் கிடைப்பது இன்னும் கடினம். நான்கு குழந்தைக்கு ஓர் ஆள் என்பது விதி. அந்த விதியைத் தளர்த்தச் சொல்பவர்கள் தீ விபத்தன்று ஒருவர் எத்தனை குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓட முடியும் என்று யோசித்துப் பார்க்கட்டும். விதி இருக்கும்வரை இடத்தை ஆள் சேர்த்துத்தான் கூட்ட முடியும். ஆகவே கர்ப்ப காலத்திலேயே காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுவது நல்லது. உதவிக்கான விண்ணப்பத்துக்கு இருவரின் சமீபத்திய சம்பளச் சீட்டுகளும் வேலை நேரத்தைக் காட்டும் கடிதமும், சொந்தத் தொழில் என்றால் வருமான வரிக் கணக்கும் தயாராக இருக்கட்டும். பாதித் தாள்களோடு அனுப்பினால் தபால் போய் வருவதிலேயே வாரங்கள் கழியும், அந்த வாரங்களின் கட்டணத்தை மையம் உங்களிடம்தான் கேட்கும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவதானால் தலைப்போடு எச்-4 விவரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பர்லிங்டன், வெர்மான்ட்